காயம் எப்போது பட்டது? தோல் காயங்களின் உயிர்வினையையும் வயதையும் கணிக்கும் வழி

பிரேதப் பரிசோதனை மேசையில் ஒரு காயத்தைப் பார்த்ததும் நம்மிடம் வரும் கேள்விகள் இரண்டு. உயிர் இருக்கும்போதே பட்டதா, உயிர் போன பிறகு பட்டதா? உயிர் இருக்கும்போது என்றால், பட்டு எவ்வளவு நேரம் கழித்து உயிர் போனது? முதல் கேள்விக்கு உயிர்வினையை, அதாவது உயிருள்ள உடல் காயத்துக்குக் காட்டும் எதிர்வினையைத் தேடுகிறோம். இரண்டாவது கேள்விதான் காயத்தின் வயது.

இந்தப் பதில்களை நம்பி ஒருவர் சிறைக்குப் போகலாம், இன்னொருவர் விடுதலையாகலாம். இறந்தவரோடு கடைசியாக இருந்தது யார் என்ற விவாதம் பல வழக்குகளில் சில மணி நேர வித்தியாசத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் இந்த வேலையை அவசரமாகச் செய்யக் கூடாது. தெரிந்ததைவிட அதிகமாகச் சொல்லவும் கூடாது.

துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காக, வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். ஆரம்பத்திலேயே ஒரு விதியை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். காயத்தில் ஒரு மாற்றம் தெரிந்தால், அது தோன்றக் குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் தேவையோ அவ்வளவு நேரமாவது அந்த மனிதர் உயிரோடு இருந்திருக்கிறார் என்று சொல்லலாம். ஒரு மாற்றம் தெரியவில்லை என்றால் அதே உறுதியோடு எதையும் சொல்ல முடியாது. கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் இதுதான் அடிப்படை.

முதல் படி: எந்த நேரத்தைக் கணக்கிடுகிறோம்?

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. காயம் ஆறுவது உயிருள்ள உடலின் வேலை. ரத்த ஓட்டம் நின்றதும் அந்த வேலையும் நின்றுவிடும். ஆகவே இறந்தவர் உடலில் காயத்தின் வயது என்பது, காயம் பட்டதிலிருந்து இறப்பு வரைக்குமான நேரம் மட்டுமே. பரிசோதனை நாள் வரைக்குமான நேரம் அல்ல.

உதாரணமாக, இறந்து 4 நாள் கழித்து ஒரு உடல் பரிசோதனைக்கு வருகிறது. காயத்தில் சுமார் 6 மணி நேர எதிர்வினை தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அடிபட்ட பிறகு அவர் சுமார் 6 மணி நேரம் உயிரோடு இருந்தார் என்பதே அதன் பொருள். அடிபட்ட தேதியும் நேரமும் வேண்டுமானால், இறந்து எவ்வளவு நேரமாயிற்று என்ற தனிக் கணக்கைப் போட்டு இதோடு கூட்ட வேண்டும். இரண்டு கணக்கிலும் இருக்கும் பிழை வரம்புகளும் அப்போது சேர்ந்துகொள்ளும். உயிரோடு இருப்பவரைப் பரிசோதிக்கும்போதுதான் காயம் பட்டதிலிருந்து பார்க்கும் நேரம் வரைக்கும் வயதாகக் கணக்கிடுகிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இதயம் நின்ற அந்த நொடியிலேயே உடலின் எல்லாச் செல்களும் செத்துவிடுவதில்லை. தோலின் செல்கள் மேலும் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். இறந்த சற்று நேரத்துக்குள் வெட்டினால் தோல் விலகித் திறக்கும், ரத்தம் கசியும், கசிந்த ரத்தம் உறையவும் செய்யும். எனவே இறப்புக்குச் சில நிமிடம் முன்னால் பட்ட காயத்தையும் சில நிமிடம் பின்னால் பட்ட காயத்தையும் பிரித்துச் சொல்வது இத்துறையின் மிகக் கடினமான வேலை. அந்த இடைவெளியில் விழும் காயங்களுக்கு ‘இறப்பை ஒட்டிய நேரத்தில் பட்டது’ என்ற மூன்றாவது பிரிவு இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். முன்பா பின்பா என்று இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று யார் நெருக்கினாலும் சரி.

இரண்டாம் படி: கண்ணால் பார்ப்பது

என்னுடைய பரிந்துரை இது: காயங்களைப் பார்த்துக் குறித்து முடிக்கும் வரை, சம்பவம் எத்தனை மணிக்கு நடந்ததாகச் சொல்கிறார்கள் என்பதைப் படிக்காதீர்கள். நேரம் தெரிந்துவிட்டால் கண் அதற்கேற்பவே பார்க்கத் தொடங்கும். குறிப்பு எழுதி முடித்த பிறகு அந்த விவரங்களைத் திறந்துகொள்ளலாம். சிகிச்சை விவரம் மட்டும் விதிவிலக்கு. ஊசி போட்ட இடம், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயன்ற தடம், தையல், குழாய் செருகிய இடம் ஆகியவை முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மருத்துவம் செய்த தடயத்தையே தாக்குதல் என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது.

ஒவ்வொரு காயத்தையும் கழுவுவதற்கு முன்னும் பின்னும், அளவுகோல் வைத்து, நேர்கோணத்தில் படம் எடுங்கள். வகை, இடம், நீளம், அகலம், ஆழம், ஓரத்தின் தன்மை எல்லாம் குறிப்பில் வரட்டும்.

வெட்டுக்காயத்திலும் கிழிகாயத்திலும் விளிம்பின் வீக்கத்தைப் பாருங்கள். ரத்தம் திசுவுக்குள் ஊறியிருக்கிறதா என்றும் பாருங்கள். உயிரோடு இருக்கும்போது பட்ட காயத்தில் ரத்தம் அழுத்தத்தோடு வெளியேறித் திசுவின் இழைகளுக்கிடையே புகுந்து உறைந்திருக்கும். தண்ணீர் ஊற்றினால் போகாது. இறந்த பிறகு பட்டதில் ரத்தம் மேலாக ஒட்டியிருக்கும், பெரும்பாலும் கழுவினால் போய்விடும். நல்ல சோதனைதான். ஆனால் இறந்த பிறகு ரத்தம் தேங்கி நிறம் மாறிய கீழ்ப்பகுதிகளில் இது ஏமாற்றும். அங்கே பட்ட காயத்தில் தேங்கிய ரத்தம் தானாக ஊறி, உயிரோடு இருந்தபோது பட்டது போலவே தோன்றலாம்.

சிராய்ப்பில் பொருக்கைக் கவனியுங்கள். புதிய சிராய்ப்பு பளிச்சென்று சிவந்து ஈரமாக இருக்கும். ஏறக்குறைய 12 முதல் 24 மணி நேரத்தில் ரத்தமும் நிணநீரும் காய்ந்து சிவப்புப் பொருக்கு கட்டும். 2, 3 நாளில் செம்பழுப்பாகும். 4 முதல் 7 நாளுக்குள் கரும்பழுப்பாகி, அப்புறம் ஓரத்திலிருந்து சுருங்கி உதிரும். இவை தோராயமான அளவுகள்தான். துணி உரசும் இடத்திலும் வியர்க்கும் இடத்திலும் மாறும். இறந்த பிறகு தோல் உரிந்த இடம் காய்ந்து, மஞ்சளாக, கெட்டித் தோல் காகிதம் போலாகிவிடும். எறும்பு கடித்த இடங்களும் அப்படித்தான். ஒழுங்கற்ற ஓரத்தோடு, ரத்தக் கசிவு இல்லாமல், கண்ணிமை, உதடு, தோல் மடிப்புகள் போன்ற ஈரமான இடங்களில் வரிசையாக இருக்கும். சிராய்ப்பு என்று எழுதும் முன் அந்த இடங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒருமுறை பாருங்கள்.

கன்றிய காயத்தின் நிறம் சொல்வதும் சொல்லாததும்

இதற்குத் தனி இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் மிக அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். சிவப்பு என்றால் இன்று, நீலம் என்றால் நேற்று, பச்சை என்றால் 5 நாள், மஞ்சள் என்றால் ஒரு வாரம் என்ற வகையில் பட்டியல்கள் பாடப் புத்தகங்களில் நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கின்றன. மனப்பாடம் செய்ய வசதியாக இருப்பதால் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. சாட்சிக் கூண்டில் அவற்றை நம்பிப் பேசினால் நிற்காது.

நிறம் மாறுவதன் பின்னணி எளிமையானது. ரத்தக் குழாய் உடைந்து சிவப்பணுக்கள் திசுவில் சிதறுகின்றன. மேக்ரோஃபேஜ் என்ற, கழிவுகளை விழுங்கும் செல்கள் வந்து அவற்றை விழுங்குகின்றன. ஹீமோகுளோபினின் ஹீம் பகுதி உடைந்து முதலில் பச்சை நிறமான பிலிவெர்டினும், பிறகு மஞ்சளான பிலிருபினும் உண்டாகின்றன. விடுபட்ட இரும்பு, ஹீமோசிடெரின் என்ற பழுப்பு நிறப் பொருளாகச் சேமிக்கப்படுகிறது. இந்தச் செல்கள் வந்து வேலை செய்ய நேரம் பிடிக்கும் என்பதால், மஞ்சள் மட்டும் ஓரளவு பயன்படும். 1991-ல் லாங்லாய்ஸ், கிரெஷாம் என்ற இருவர் கன்றிய காயங்களின் படங்களை வைத்துச் செய்த ஆய்வில், 18 மணி நேரத்துக்கு உட்பட்ட காயம் எதிலும் மஞ்சள் தெரியவில்லை. ஆக, மஞ்சள் தெளிவாகத் தெரிந்தால் காயம் 18 மணி நேரத்துக்கு மேற்பட்டது என்று சொல்ல இடமிருக்கிறது. மஞ்சள் இல்லை என்பதால் காயம் புதியது என்று சொல்ல இடமில்லை. சில காயங்கள் மஞ்சளாகாமலே மறைந்துவிடும். சிவப்பு, நீலம், ஊதா ஆகிய மூன்றுக்கும் வயதோடு நம்பத்தக்க தொடர்பு எதுவும் இல்லை. அடிபட்ட சற்று நேரத்திலிருந்து ஆறி முடியும் வரை எப்போது வேண்டுமானாலும் அவை இருக்கலாம்.

நிறத்தைப் பார்க்கும் கண்ணும் ஆளுக்கு ஆள் வேறுபடும். மஞ்சளை உணரும் திறன் பார்ப்பவரின் வயது கூடக் கூடக் குறைகிறது. கருமையான தோலில் மஞ்சள் எளிதில் தெரியாது. விளக்கு ஒளியும் கேமராவும் தம் பங்குக்கு நிறத்தை மாற்றும். படத்தை மட்டும் அனுப்பி வயது கேட்டால், மறுத்துவிடுவதே நேர்மையான பதில்.

ரத்தம் நகரும் என்பதையும் மறக்காதீர்கள். நெற்றியில் அடிபட்டு, மறுநாள் கண்ணைச் சுற்றிக் கருத்துப் போவதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஆழத்தில் பட்ட அடியின் கன்றல் தோலுக்கு மேலே வர ஓரிரு நாள்கூட ஆகலாம். நேற்று வெறுமையாக இருந்த இடத்தில் இன்று தெரிகிறது என்பதற்காக இரண்டாவது தாக்குதல் நடந்தது என்று முடிவு கட்டக் கூடாது. உயிரோடு இருப்பவரானால் 24 முதல் 48 மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்துப் படம் எடுங்கள். இறந்தவரானால் சந்தேகமான இடங்களில் தோலைக் கீறி, அடியில் உள்ள கொழுப்பையும் தசையையும் பாருங்கள்.

மூன்றாம் படி: மாதிரி எடுப்பது

மைக்ரோஸ்கோப்பில் எவ்வளவு திறமை இருந்தாலும், மாதிரி தப்பாக எடுக்கப்பட்டிருந்தால் பயனில்லை. காயத்தின் நடுவிலிருந்து மட்டும் துண்டு எடுப்பது பரவலான பழக்கம். எதிர்வினை நடப்பது விளிம்பில். காயம், அதன் விளிம்பு, அதையொட்டிய நல்ல தோல் மூன்றும் ஒரே துண்டில் வருமாறு, காயத்தின் நீளத்துக்குக் குறுக்காக வெட்டுங்கள். ஆழம் அடித்தோல் கொழுப்பு வரைக்கும் வர வேண்டும். கன்றலானால் தசையும் சேரட்டும்.

அதோடு கட்டாயம் இன்னொரு துண்டு எடுங்கள்: அதே உடலில், காயமே இல்லாத இடத்திலிருந்து. முடிந்தால் மறுபக்கத்தில் அதற்கு இணையான இடத்திலிருந்து எடுங்கள். வலது முன்கையில் காயம் என்றால் இடது முன்கை. இந்த ஒப்பீட்டு மாதிரி இல்லாமல் வரும் எந்த முடிவையும் நான் ஏற்கமாட்டேன். தோலில் ஏற்கெனவே அழற்சி இருந்ததா, அழுகல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, சாயம் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் பதில் அந்தச் சின்னத் துண்டில்தான் கிடைக்கும்.

அளவை எடுத்த பிறகுதான், திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட வேண்டும், ஏனென்றால் ஃபார்மலினில் தோல் சுருங்கிவிடும். துண்டை ஒரு அட்டையில் தட்டையாக ஒட்டவைத்துப் போட்டால் சுருளாது. நடுநிலையாக்கிய 10% ஃபார்மலின், துண்டின் பருமனைப் போல் குறைந்தது 10 மடங்கு இருக்கட்டும். ஒவ்வொரு காயத்துக்கும் தனி டப்பா, தனி எண். நொதிகளையோ ஆர்என்ஏவையோ பிறகு பார்க்கும் வாய்ப்பு இருந்தால், ஒரு பகுதியை ஃபார்மலினில் போடாமல் உடனே உறைய வைக்க வேண்டும். இதை மேசையில் நிற்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். பிறகு நினைத்துப் பயனில்லை.

நான்காம் படி: மைக்ரோஸ்கோப்பில் படிப்பது

வழக்கமான ஹெமடாக்சிலின் இயோசின் சாயத்தில் தொடங்குங்கள். முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் முழுத் துண்டையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எது விளிம்பு, எது நல்ல தோல், ரத்தம் எங்கே இருக்கிறது என்பது பிடிபட்ட பிறகு நெருங்கிப் போகலாம். நேராக அதிக உருப்பெருக்கத்துக்குப் போகிறவர்கள் ஒரு மூலையில் கண்ட நாலு செல்லை வைத்துக் கதை கட்டிவிடுவார்கள்.

முதலில் தெரிவது ரத்தக் கசிவும், ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் இழைகளும். இவை மட்டும் இருந்தால் உயிர்வினை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. காரணத்தை மேலே பார்த்தோம்.

அடுத்து நியூட்ரோஃபில்கள், அதாவது காயத்துக்கு முதலில் வந்து சேரும் வெள்ளணுக்கள். இவை மூன்று நிலையில் தெரியும். முதலில் ரத்தக் குழாயின் உட்சுவரோடு ஒட்டி வரிசையாக நிற்கும். பிறகு சுவரைத் துளைத்துக்கொண்டிருக்கும். கடைசியில் குழாய்க்கு வெளியே, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளுக்கிடையே சிதறிக் கிடக்கும். குழாய்க்குள் இருப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கசிந்த ரத்தத்தோடு தானாக வெளியே வந்து விழுந்தவற்றையும் சேர்க்காதீர்கள். ரத்தத்தில் அவை இயல்பாகவே இருப்பவைதான். ரத்தக் கசிவு இல்லாத திசுவுக்குள், காயத்தை நோக்கி நகர்ந்து போயிருக்கிறவைதான் நமக்குச் சாட்சி. சாதகமான சூழலில் 20, 30 நிமிடத்திலேயே முதல் சில தெரியலாம். எவரும் மறுக்க முடியாத அளவுக்குச் சேர்வது பெரும்பாலும் 4 முதல் 6 மணி நேரத்தில். 1 முதல் 2 நாளில் உச்சத்தில் இருக்கும்.

மேக்ரோஃபேஜ்கள் சில மணி நேரத்திலேயே வரத் தொடங்கினாலும், நியூட்ரோஃபில்களைவிட எண்ணிக்கையில் மிஞ்சுவது சுமார் ஒரு நாளுக்குப் பிறகுதான். எது அதிகம் என்ற இந்த விகிதம், தனி எண்ணிக்கையைவிட நம்பகமானது. சிவப்பணுவை விழுங்கிய மேக்ரோஃபேஜ் ஏறக்குறைய ஒரு நாளில் தெரியலாம். ஹீமோசிடெரின் நிரம்பிய மேக்ரோஃபேஜ் தெரிய 2 முதல் 3 நாள் ஆகும்.

ஹீமோசிடெரினைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் நாம் அதிகம் சாய்ந்து நிற்கும் தூண் அது. சாதாரண சாயத்தில் செல்லுக்குள் தங்கப் பழுப்பான மணிகளாகத் தெரியும். அதைப் பார்த்து அப்படியே எழுதிவிடக் கூடாது. பெர்ல்ஸ் சாயம் போட்டால் இரும்பு பளிச்சென்ற நீலமாக மாறும், மாறினால்தான் ஹீமோசிடெரின். ஃபார்மலினே ரத்தத்தோடு வினைபுரிந்து பழுப்புக் கறுப்பான படிவை உண்டாக்கும். அதுவும் மெலனினும் பெர்ல்ஸில் நீலமாகாது. சரி, நீலமாகிவிட்டது, அப்போதும் முடியவில்லை. அதே இடத்தில் பழைய காயம் ஏதாவது இருந்திருக்கலாம். சிரைகளில் ரத்தம் தேங்கும் நோய் உள்ளவர்களின் முழங்காலுக்குக் கீழே, அடியே படாமல் ஹீமோசிடெரின் படிந்திருக்கும். ஒப்பீட்டு மாதிரியிலும் அதே நீலம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

3 நாள் வாக்கில் புதிய ரத்த நுண்குழாய்களின் முளைகளும் பெருகும் ஃபைப்ரோபிளாஸ்ட்களும் (கொலாஜனை உண்டாக்கும் செல்கள்) சேர்ந்து, காயத்தை நிரப்பும் துகள்திசு உருவாகத் தொடங்கும். மூன்றாம் வகைக் கொலாஜன் 2, 3 நாளிலும், முதல் வகைக் கொலாஜன் அதற்கும் சில நாள் கழித்தும் முதன்முதலாகத் தெரியும். ஹெமடாய்டின் என்ற, இரும்பில்லாத ஆரஞ்சு நிறப் படிகங்கள் கிடைத்தால் காயத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். விளிம்பிலிருந்து மேல்தோல் செல்கள் நகர்வது முதல் நாளிலேயே தொடங்கும். ஆனால் எப்போது மூடும் என்பது காயத்தின் அகலத்தைப் பொறுத்தது. தையல் போட்ட மெல்லிய வெட்டு ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும், அகலமான சிராய்ப்புக்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால் வயது சொல்ல இதைத் தனியாக நம்ப வேண்டாம். தழும்பு சிவந்த நிலையிலிருந்து வெளுப்பது மாதக்கணக்கான மாற்றம். முழுதாக வெளுத்துவிட்ட பிறகு, பழையது என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது.

ஐந்தாம் படி: முதல் அரை மணி நேரம்

செல்கள் வந்து சேர்வதற்குள் உயிர் போயிருந்தால் சாதாரண சாயத்தில் எதுவும் தெரியாது. அங்கேதான் மூலக்கூறுகளைத் தேட வேண்டியிருக்கிறது. இந்தத் தேடல் புதிதல்ல. பின்லாந்தைச் சேர்ந்த யிர்க்கி ரேக்கல்லியோ 1960-களிலேயே காயத்தின் ஓரத்தில் நொதிகளின் செயல்பாட்டைச் சாயமேற்றிப் பார்த்தார். காயத்தையொட்டிய உள்வட்டத்தில் நொதிகள் குறைந்துபோகின்றன. அதற்கு வெளியே உள்ள வளையத்தில் கூடுகின்றன. எஸ்டரேஸ் சுமார் 1 மணி நேரத்திலும், அமினோபெப்டிடேஸ் 2 மணி நேரத்திலும், அமில பாஸ்படேஸ் 4 மணி நேரத்திலும், கார பாஸ்படேஸ் 8 மணி நேரத்திலும் கூடுவதை அவர் வரிசைப்படுத்தினார். உறைய வைத்த புதிய திசு தேவை என்பதால் இன்று அன்றாடப் பயன்பாட்டில் குறைவு. ஆனால் காயத்தை நேர வரிசையில் படிக்கலாம் என்ற சிந்தனைக்கு அது பெரிய உந்துதல் தந்தது.

இப்போது அதிகம் செய்வது, எதிர்ப்பொருளைக் கொண்டு குறிப்பிட்ட புரதத்தைச் சாயமேற்றும் இம்யூனோ ஹிஸ்டோகெமிஸ்ட்ரி. ரத்தக் குழாய்ச் சுவரில், வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்தும் பி-செலக்டின் சில நிமிடங்களிலேயே கூடலாம். ஃபைப்ரோனெக்டின் 10 முதல் 20 நிமிடத்தில் காயத்தின் விளிம்பில் வலைபோலத் தெரியத் தொடங்கலாம். அழற்சியைத் தூண்டும் புரதங்களான இன்டர்லூகின்-1 பீட்டா, டிஎன்எஃப்-ஆல்ஃபா ஆகியவை கால் மணி நேர அளவில் மேல்தோல் செல்களில் கூடலாம். அழுகிய உடலில் சிவப்பணுக்கள் சிதைந்து வடிவம் தெரியாமல் போனாலும், அவற்றின் சவ்வில் இருக்கும் கிளைகோஃபோரின் ஏ நிலைத்திருக்கும். ரத்தம் திசுவுக்குள் ஊறியிருந்ததா என்பதை அது காட்டிக்கொடுக்கும். தூக்கில் தொங்கியது போல நிமிடக் கணக்கில் முடிந்துபோகும் சாவுகளில், கயிற்றின் தடத்தைப் படிக்க இந்தக் குறிகள் பெரிய உதவி.

எச்சரிக்கை இல்லாமல் இவற்றைப் பயன்படுத்தாதீர்கள். இறந்த பிறகு பட்ட காயத்திலும் பிளாஸ்மா கசிந்து விளிம்பில் லேசாகச் சாயமேற்றும். ஃபைப்ரோனெக்டின் ரத்தத்திலேயே இருக்கும் புரதம் என்பதால் இந்தத் தொல்லை அதற்கு அதிகம். விளிம்பில் மட்டும் வெளிறித் தெரிந்தால் எதிர்மறை என்றே எழுதுங்கள். திசுவுக்குள் ஆழமாக, வலைப்பின்னலாக, அழுத்தமாகத் தெரிந்தால் மட்டும் மதிப்புக் கொடுங்கள். ஒரே ஒரு குறியை வைத்து முடிவு சொல்லாமல், வேறு வேறு வழியில் உண்டாகும் இரண்டு மூன்று குறிகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மைக்ரோ ஆர்என்ஏ என்ற மிகச் சிறிய ஆர்என்ஏ மூலக்கூறுகளை அளந்து பார்க்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. நம்பிக்கை தருபவைதான், ஆனால் வழக்கில் தனித்து நிற்கும் நிலைக்கு இன்னும் வரவில்லை.

ஆறாம் படி: ஆறும் வேகத்தை மாற்றுபவை

மேலே சொன்ன நேரங்கள் எல்லாருக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. முதுமை, சர்க்கரை நோய், ஊட்டக் குறைவு, வைட்டமின் சி குறைவு, கல்லீரல் கெட்டுப்போனது, ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்துகள் எல்லாம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்குச் சின்ன இடிக்கே பெரிய கன்றல் வரும். முகமும் தலையும் ரத்த ஓட்டம் மிகுந்தவை, சீக்கிரம் ஆறும். கால் மெதுவாக ஆறும். கடும் அதிர்ச்சியில் ரத்த அழுத்தம் வீழ்ந்து பல மணி நேரம் கிடந்தவரின் தோலுக்கு ரத்தமே சரியாகப் போயிருக்காது. அவர் 10 மணி நேரம் உயிரோடு இருந்திருந்தாலும் காயம் 2 மணி நேரம் ஆனது போலத் தெரியலாம். வெள்ளணுக்கள் வற்றிய நோயாளியின் காயத்தில் நியூட்ரோஃபில் வராமலே போகலாம். இல்லாததை வைத்துச் சொல்லாதீர்கள் என்று முதலிலேயே சொன்னதற்கு இவையெல்லாம்தான் காரணம். காயத்தில் கிருமி தொற்றியிருந்தால் கணக்கு மொத்தமும் குழம்பும். நியூட்ரோஃபில்கள் வாரக்கணக்கில் நிற்கும்.

ஏழாம் படி: சேர்த்துப் பார்த்து எழுதுவது

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். நடுத்தர வயதுக்காரர், வேறு நோயில்லை. இடது தோளில் ஒரு கன்றல், முதுகில் இன்னொன்று. தோள் கன்றலில் குழாய்க்கு வெளியே நியூட்ரோஃபில்கள் ஏராளம், மேக்ரோஃபேஜ்கள் சில, பெர்ல்ஸ் எதிர்மறை, ஃபைப்ரோபிளாஸ்ட் பெருக்கம் இல்லை. முதுகுக் கன்றலில் மேக்ரோஃபேஜ்களே அதிகம். அவற்றுக்குள் நீலமாகச் சாயமேறிய மணிகள். ஓரத்தில் புதிய நுண்குழாய் முளைகள். ஒப்பீட்டு மாதிரிகள் இரண்டும் சுத்தம்.

தோளில் உள்ளதைப் பற்றி, காயம் பட்ட பிறகு சில மணி நேரமாவது உயிர் இருந்தது என்று தைரியமாக எழுதலாம். ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்காது என்பது வாய்ப்பு சார்ந்த கருத்து. அதை அப்படியே, ‘பெரும்பாலும்’ என்ற சொல்லோடு எழுத வேண்டும். முதுகில் உள்ளது குறைந்தது 2 முதல் 3 நாள் பழையது. இரண்டும் ஒரே சம்பவத்தில் பட்டவை அல்ல என்பதுதான் இங்கே மிக வலுவான முடிவு. மணிக்கணக்கைத் துல்லியமாகச் சொல்ல முடியாவிட்டாலும், காயங்கள் வெவ்வேறு காலத்தவை என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். குழந்தையின் உடலிலோ, பிறர் பராமரிப்பில் இருந்த முதியவர் உடலிலோ இந்த வாக்கியம், நடந்தது ஒருமுறை விழுந்ததா, திரும்பத் திரும்ப அடிபட்டதா என்பதையே தீர்மானிக்கக் கூடும். அதனால் அப்படிப்பட்ட உடல்களில் ஒரு காயத்தோடு நிறுத்தாமல், வேறு வேறு தோற்றம் உள்ள ஒவ்வொன்றிலிருந்தும் மாதிரி எடுங்கள். நேரம் அதிகமாகும், ஆய்வகம் முணுமுணுக்கும். பரவாயில்லை.

அறிக்கையில் கண்டதையும் கருத்தையும் தனித்தனியாக வையுங்கள். எந்தச் செல், எங்கே, எவ்வளவு என்பது கண்டது. அதன் வயது என்ன என்பது கருத்து. கருத்து இப்படி இருக்கலாம்: ‘இந்தக் காயம் உயிர் இருக்கும்போது ஏற்பட்டது. காணப்படும் திசு மாற்றங்கள், காயத்துக்கும் இறப்புக்கும் இடையே குறைந்தது சில மணி நேரம் கடந்திருப்பதைக் காட்டுகின்றன. அதிகபட்ச நேரத்தை உறுதியாகக் கூற இயலாது.’ எதிர்வினை எதுவும் கிடைக்காத காயத்துக்கு ‘இறந்த பிறகு ஏற்பட்டது’ என்று எழுதாமல், ‘உயிர்வினைக்கான அடையாளம் காணப்படவில்லை, இறப்புக்கு மிகச் சற்று முன்போ, இறப்பின்போதோ, அதன் பிறகோ ஏற்பட்டிருக்கலாம்’ என்று எழுதுங்கள். மணியும் நிமிடமும் போட்டு ஒற்றை எண்ணாக வயதைக் கேட்டால், எல்லையாக மட்டுமே தர முடியும் என்று சொல்லி, அதற்கான காரணத்தையும் எளிமையாக விளக்குங்கள். நீதிபதிகள் அந்த விளக்கத்தைக் கேட்டுக்கொள்வார்கள்.

ஸ்லைடுகளையும் மாதிரியைப் பதித்த மெழுகுக் கட்டிகளையும் வழக்கு முடியும் வரை, மேல்முறையீடும் தீரும் வரை, எண்ணோடு பத்திரமாக வைத்திருங்கள். எதிர்த்தரப்பு நிபுணர் கேட்டால் பார்க்கக் கொடுக்க வேண்டும். பார்த்துவிட்டு அவர் மாற்றுக் கருத்துச் சொன்னால், அதே கட்டியிலிருந்து புதிதாக வெட்டிச் சாயமேற்றி, இருவரும் ஒரே ஸ்லைடை வைத்துப் பேசலாம்.